இம்பாலும் கோஹிமாவும் விடுபட்டுவிட்டன

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரின் போக்கை மாற்றிய சண்டைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஸ்டாலின்கிராட், மிட்வே, எல் அலமெய்ன், நார்மண்டி எல்லாம் இருந்தன. 1944-இல் மணிப்பூரிலும் நாகா மலையிலும் நடந்த இம்பால், கோஹிமா சண்டையைக் காணோம். நம் நாட்டு மண்ணில் நடந்தது அது. ஜப்பானியத் தரைப்படை அதுவரை கண்டிராத பெரிய தோல்வி அங்கேதான் நேர்ந்தது. பர்மா திரும்பக் கைமாறியதற்கும் தொடக்கம் அதுதான். நமக்கே அது நினைவில் இல்லை என்றால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீரமும் வியூகமும்தான் இந்தச் சண்டைகளை முடிவு செய்தன என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். வீரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முப்பத்திரண்டு வருடம் நெல், அரிசிக் கிடங்கில் வேலை பார்த்தவன் நான். மூட்டைக் கணக்கு போடாமல் ஒரு போரை என்னால் படிக்க முடியவில்லை.

1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முதாகுச்சி மூன்று டிவிஷன்களை (பெரிய படைப்பிரிவுகளை) பர்மாவில் ஓடும் சிந்துவின் (Chindwin) ஆற்றைக் கடக்க வைத்தார். சுமார் 85,000 பேர். ஆளுக்கு அரைக் கிலோ அரிசி என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 42 டன்னுக்கு மேல் ஆகிறது. 50 கிலோ மூட்டை என்றால் 850 மூட்டை. அதை ரோடு இல்லாத மலைக்காட்டில் தினமும் ஏற்ற வேண்டும். அதற்கு அவரிடம் ஏற்பாடு இல்லை. மூன்று வாரச் சாப்பாட்டை முதுகில் சுமக்கச் சொன்னார். மாட்டு மந்தைகளை ஓட்டி வந்து, முதலில் சுமை ஏற்றுவது, பிறகு அடித்துச் சாப்பிடுவது என்று செங்கிஸ்கான் பாணியில் ஒரு யோசனையும் செய்தார். ஆற்றிலும் மலைச் சரிவிலும் நிறைய மாடுகள் செத்துப்போயின. மூன்று வாரத்தில் இம்பாலைப் பிடித்துவிட்டால் ஆங்கிலேயர் கிடங்கிலிருந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பதுதான் மொத்தத் திட்டம். எதிரியின் இருப்பை நம் பதிவேட்டில் வரவு வைத்துக்கொண்டு கிளம்பிய மாதிரிதான் அது.

அந்தக் கிடங்கு இருந்தது உண்மை. திமாப்பூர் ரயில் நிலையத்தை ஒட்டி 11 மைல் நீளம், 1 மைல் அகலத்துக்குச் சரக்குகள் அடுக்கி வைத்திருந்தார்கள். கோஹிமாவிலிருந்து 74 கிலோமீட்டர்தான். சாட்டோ என்ற ஜப்பானியத் தளபதி தன் டிவிஷனை நேராக அங்கே கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம்மே பயந்திருக்கிறார். மேலிடத்து உத்தரவு கோஹிமாவோடு நின்றது. சாட்டோவின் ஆட்கள் அந்த மலை முகட்டிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

2018-இல் கோஹிமா போயிருந்தேன். துணை ஆணையர் பங்களா இருந்த இடம் இப்போது போர் கல்லறைத் தோட்டம். பங்களாவின் டென்னிஸ் மைதானக் கோடுகளைக் கல்லறைகளுக்கு நடுவில் கான்கிரீட்டில் பதித்து வைத்திருக்கிறார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பார்த்தேன், முப்பத்தைந்து எட்டுகூட இல்லை. இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை என்று பல வாரம் பதுங்குகுழியில் கிடந்து, ஒருவர் மேல் ஒருவர் கையெறி குண்டு வீசிக்கொண்டிருந்தது அந்த இடைவெளியில்தான். முற்றுகைக்குள் மாட்டியிருந்த பிரிட்டிஷ், இந்தியப் படையினருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. பங்களாவுக்குப் பின்னால் ஓர் ஊற்று இருந்தது. ராத்திரியில் மட்டும் தவழ்ந்து போய்ப் பிடித்து வருவார்கள். அடிபட்டவர்களை நாகா கிராமத்து ஆட்கள் செங்குத்தான பாதையில் தூக்கிச் சுமந்தார்கள். அவர்கள் வீட்டு அரிசியும் மாடும் பன்றியும் ஏற்கெனவே படைகளுக்குப் போய்விட்டன. அந்த மக்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை வர வேண்டும்.

இம்பாலுக்கு வரும் தரைவழி ஜூன் 22 வரை அடைபட்டே கிடந்தது. உள்ளே சுமார் ஒன்றரை லட்சம் பேர். அவர்களைக் காப்பாற்றியது டக்கோட்டா விமானங்கள். கிட்டத்தட்ட 19,000 டன் சரக்கு உள்ளே போனது. காயம்பட்டவர்களும் நோயாளிகளுமாகச் சுமார் 13,000 பேரும், சண்டையில் சேராத 43,000 பேரும் வெளியே வந்தார்கள். உங்கள் கட்டுரையில் ஸ்டாலின்கிராட் பகுதியை இதோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். அங்கே சுற்றி வளைக்கப்பட்ட ஜெர்மன் படைக்குத் தினம் குறைந்தது 300 டன் வேண்டும் என்று கணக்கு. விமானத்தில் கொண்டு வந்து கொட்டுகிறேன் என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்கு கொடுத்தார். போய்ச் சேர்ந்தது சராசரியாக 100 டன் அளவுதான். 1943 பிப்ரவரி 2-ஆம் தேதி எல்லாம் முடிந்துபோனது. இம்பாலில் சோறு போய்ச் சேர்ந்தது, ஸ்டாலின்கிராடில் சேரவில்லை. எனக்கு இதுதான் பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது.

சாட்டோவுக்கு ஒரு மணி அரிசிகூடப் பின்னாலிருந்து வரவில்லை. கெஞ்சிப் பார்த்துவிட்டு, மே மாதக் கடைசியில் உத்தரவை மீறிப் படையைத் திருப்பிக்கொண்டார். ஜப்பானிய ராணுவத்தில் ஒரு டிவிஷன் தளபதி அப்படிச் செய்வது கேள்விப்படாத விஷயம். அவருக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னைக் கேட்டால் அந்தப் படையில் கணக்குத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். மழையில் திரும்பிய வழி நெடுக ஆட்கள் பசியிலும் வயிற்றுக்கடுப்பிலும் மலேரியாவிலும் விழுந்தார்கள். அந்தப் பாதைக்கு ஜப்பானியர்களே வைத்த பெயர் வெள்ளெலும்புச் சாலை.

அதே பட்டினியில் இந்திய தேசிய ராணுவத்தினரும் இருந்தார்கள். மலேயா ரப்பர் எஸ்டேட்டிலிருந்து அந்த ராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். என் மாமனாரின் அண்ணன் அவர்களில் ஒருவர், பர்மா வரை போய்த் திரும்பியவர். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எந்த இலை கசக்கும், எதைத் தின்றால் நாக்கு அரிக்கும் என்று மட்டும் சொல்வார். எப்போதாவது என்னைப் பார்க்கக் கிடங்குக்கு வருவார். குத்தூசியால் மூட்டையைக் குத்தி எடுத்த அரிசியைப் பார்த்துவிட்டுத் தரையில் போடுவோம் இல்லையா, அதைப் பொறுக்கித் துண்டு முனையில் முடிந்துகொள்வார். லோடுமேன்கள் யாரும் சிரித்ததில்லை.

இதை எழுதும்போது வங்காளத்தை விட முடியவில்லை. ஜப்பானியர் வந்தால் அரிசி கிடைக்கக் கூடாது என்று 1942-இல் ஆங்கிலேய அரசு ஆட்கள் கடலோர வங்காளத்தில் நெல்லை எடுத்தார்கள், படகுகளையும் பறிமுதல் செய்தார்கள். அடுத்த வருடம் அங்கே பஞ்சம், லட்சக்கணக்கில் செத்தார்கள். போரின் சண்டைகளைப் பட்டியல் போடும்போது இதுவும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் இம்பாலையும் கோஹிமாவையும் சேருங்கள். வரைபடம் போடுவதாக இருந்தால் அம்புக்குறிகளோடு நிறுத்தாமல், திமாப்பூர்க் கிடங்கையும் சிந்துவின் ஆற்றையும் குறித்து, நடுவில் எத்தனை மைல் என்றும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிடங்குக் கண்காணிப்பாளர்,
மன்னார்குடி.