சத்தமில்லாத தோட்டாவும் தோட்டாதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் பழைய பாணி லீவர் துப்பாக்கியைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். கவ்பாய் படங்களில் குதிரைமேல் உட்கார்ந்தபடி கைப்பிடி வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்துப் படபடவென்று சுடுவார்களே, அந்தத் துப்பாக்கிதான். வின்செஸ்டர் 1873, அப்புறம் ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1892, 1894 மாடல்கள் என்று கட்டுரையாளர் வரலாற்றை அழகாகச் சொல்லியிருந்தார். என் மனக்குறை கடைசிப் பத்தியில். வெளிநாடுகளில் சிலர் வெடிமருந்தைக் குறைத்துப் போட்டு வீட்டிலேயே தோட்டா தயாரித்து, தகர டின்னைச் சுட்டுப் பொழுது போக்குகிறார்களாம். சத்தம் இல்லையாம், அதனால் ஆபத்தும் இல்லையாம். நம்மூர் மலேசியாவிலும் இப்படி ஒன்று வந்தால் நன்றாக இருக்கும் என்று வேறு முடித்திருக்கிறார். அந்த ‘அதனால்’தான் எனக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மருமகன் நியூசிலாந்தில், வைக்காட்டோ வட்டாரத்தில், பால் பண்ணை வேலையில் இருக்கிறார். அங்கே உரிமம் வைத்திருப்பவர் தன் உபயோகத்துக்குத் தோட்டா தயாரித்துக்கொள்வது சட்டப்படி சரி. அவரிடம் 1894 மாடல் ஒன்று இருக்கிறது. இரண்டு குளிர்காலம் அவர் வீட்டில் தங்கியபோது, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். “மாமா, பேச்சுக் கொடுக்காதீங்க” என்பார். மருந்து நிறுக்கும்போது ரேடியோவைக்கூட அணைத்துவிடுவார். விளையாட்டுச் சாமானுக்கு யாராவது ரேடியோவை அணைப்பார்களா?

சத்தம் ஏன் குறைகிறது என்பதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. துப்பாக்கிச் சத்தத்தில் இரண்டு பங்கு உண்டு. குழாய் வாயில் புகை பீறிடும் சத்தம் ஒன்று. தோட்டாவிலிருந்து புறப்படும் குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் வழி நெடுகச் சாட்டை சொடுக்கியதுபோல் ஒரு வெடிப்பு, அது இன்னொன்று. 1894 மாடலுக்குப் பேர்வாங்கிக் கொடுத்தது ‘முப்பது-முப்பது’ என்கிற தோட்டா. அதன் குண்டு விநாடிக்கு 700 மீட்டர் வரை பாயும், அதாவது ஒலியைப்போல் இரண்டு மடங்கு. அதை 300 மீட்டருக்குக் கீழே கொண்டுவந்தால் சாட்டைச் சத்தம் போய்விடும், மருந்து குறைவதால் வாய்ச் சத்தமும் தணியும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம்: ஒலியின் வேகம் வெயிலைப் பொறுத்து மாறும். நம் சுங்கை சிப்புட் மத்தியான வெயிலில் அது விநாடிக்கு 350 மீட்டர். மருமகன் வீட்டு உறைபனிக் காலையில் 332 தான். ஆகவே 340 மீட்டரில் போகும் குண்டு இங்கே ஒலிக்குள் அடங்கிப் போகும், அங்கே சொடுக்கும். அதனால்தான் அவர் எப்போதும் நன்றாகக் கீழேயே வைத்துக்கொள்வார்.

சரி, ஆபத்துக்கு வருகிறேன். மருந்தைக் கூட்டிப் போட்டால்தான் துப்பாக்கி வெடிக்கும், குறைத்தால் பத்திரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மருமகன் சொன்ன பிறகு புரிந்தது, குறைப்பதுதான் அதிகக் கவனம் கேட்கும் வேலை. பெரிய பித்தளைக் கூட்டுக்குள் துளியூண்டு மருந்து போட்டால் அது ஒரு பக்கமாகப் படுத்துக்கொள்ளும். துப்பாக்கியை மேலே சாய்த்தால் பின்னால், தீப்பொறி கொடுக்கும் கேப்புப் பக்கம் சேரும், கீழே சாய்த்தால் முன்னால் ஓடும். அதற்கேற்ப ஒவ்வொரு வெடியும் ஒவ்வொரு வேகத்தில் போகும். அதைவிட மோசம், தவறி இரண்டு தடவை போட்டுவிட்டாலும் கூடு வழியாது, கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஸ்பூன் சர்க்கரையைப் பெரிய குவளையில் போட்டோமா இல்லையா என்று மறந்துபோவது மாதிரி. இதற்காகவே ‘டிரெயில் பாஸ்’ என்று ஒரு மருந்து ஆஸ்திரேலியாவில் தயாரானது. ஒவ்வொரு மணியும் நடுவில் ஓட்டை போட்ட குட்டி உளுந்துவடை. உப்பலாக இருப்பதால் கொஞ்சம் எடைக்கே கூட்டை நிரப்பிவிடும், இரட்டையாகப் போட்டால் வழிந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் அதை அமுக்கித் திணிக்கக் கூடாது, வடை நொறுங்கினால் அழுத்தம் ஏறிவிடும். எந்த மருந்தானாலும் தயாரிப்பாளர் அச்சடித்த அளவுக்குக் கீழேயும் போகக் கூடாது, மேலேயும் போகக் கூடாது என்பதில் மருமகன் கறார்.

அளவுக்கு மீறிக் குறைத்தால் குண்டு குழாயின் பாதியிலேயே நின்றுவிடும். செம்பு உறை போட்ட குண்டுக்கு உராய்வு அதிகம், ஈயக் குண்டு கொஞ்சம் வழுக்கும், அதனால்தான் இந்த வேலைக்கு ஈயம். குண்டு நின்றுவிட்டால் ‘டப்’ என்பதற்குப் பதில் நமத்துப்போன தீபாவளி வெடி மாதிரி ‘பொச்’ என்று கேட்கும். ஏற்கெனவே சத்தம் குறைந்த தோட்டா, அந்த வித்தியாசம் காதில் விழாமல் போகலாம். லீவரைச் சடாரென்று இழுத்து அடுத்ததைச் சுட்டால், முன்னால் அடைத்து நிற்கும் குண்டின் முதுகில் இது போய் மோதும். குழாய் வீங்கும், சில நேரம் பிளக்கும். பிடித்திருக்கும் கை குழாய்க்கு நேர் அடியில்தானே இருக்கிறது. எனக்கு எதிரிலேயே ஒரு தடவை மருமகனுக்குச் சந்தேகம் வந்தது. அப்படியே நிறுத்தி, எல்லாத் தோட்டாவையும் வெளியே எடுத்து, குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அதோடு மூட்டை கட்டிவிட்டார்.

இன்னொரு கணக்கு. கிராணி புத்தி, பென்சிலை எடுத்துவிட்டேன். 11 கிராம் ஈயக் குண்டு விநாடிக்கு 300 மீட்டரில் போனால் அதன் ஆற்றல் சுமார் 500 ஜூல். முழு மருந்தில் வருவதில் ஐந்தில் ஒரு பங்குதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘.22’ என்கிற சாதாரணச் சின்னத் தோட்டா 140 ஜூல் சுமாருக்கு வரும். அந்த .22 பெட்டியிலேயே ‘ஒரு மைலுக்கு மேல் போகும், எச்சரிக்கை’ என்று அச்சடித்திருப்பார்கள். மெதுவாகப் போகும் ஈயக் குண்டு தண்ணீரிலும் கல்லிலும் பட்டுத் துள்ளித் திரும்பும் குணமும் உடையது. தோட்டத்து லயவீடுகளுக்குப் பின்னால் டின்னை அடுக்கிச் சுடுகிற காரியமா இது?

நம்மூரில் வந்தால் என்கிறாரே, 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இங்கே ஒரு தோட்டா வைத்திருக்கவே உரிமம் வேண்டும், உரிமமில்லாமல் தயாரிப்பது குற்றம். சட்டவிரோதத் துப்பாக்கி என்றால் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் பிரம்படி வரை போகும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதை ஒட்டித்தான் பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலமே வந்தது. மறு வருடம் மே 4-இல் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதியைப் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். குற்றச்சாட்டு, ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாவும் வைத்திருந்தார் என்பது. ஜொகூரில் பிடிபட்ட சாம்பசிவம் என்பவருக்கும் துப்பாக்கி வைத்திருந்ததாகத் தூக்குத் தீர்ப்பாகி, 1950-இல் லண்டனில் மேல்முறையீடு கேட்கும் பிரிவி கவுன்சில் அவரை விடுவித்தது. தோட்டா வைத்திருந்த குற்றத்திலிருந்து அவர் முன்பே விடுதலையானதைப் பின்னால் நடந்த விசாரணையில் கணக்கில் எடுக்காததுதான் காரணம். நாலு தோட்டாதானே என்று எங்கள் அப்பா தலைமுறையில் யாரும் சொன்னதில்லை.

எங்கள் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்காக ஒற்றைக் குழாய் வேட்டைத்துப்பாக்கி ஒன்று இருந்தது, உரிமத்தோடு. காவல்காரர் ஜாகாவுக்கு மூன்று தோட்டா கொடுத்தால் மாலையில் தோட்டாவோ காலிக் கூடோ மூன்று திரும்ப வர வேண்டும். ஒரு தடவை ஒரு காலிக் கூடு குறைந்தது. இரண்டு நாள் செம்பனை மட்டைக்கு அடியில் எல்லாம் தேடினோம், துரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஜாகாவின் பேரன் அதை வாயில் வைத்து ஊதி விசிலடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். அந்தப் பதிவேட்டில் அந்த ஒரு வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதி வைத்தேன்.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு போட்ட படத்தில் லீவர் துப்பாக்கிக்குப் பக்கத்தில் ஊசி மாதிரி கூர்முனைத் தோட்டாக்களை அடுக்கியிருக்கிறீர்கள். இந்தத் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழாய்க்குக் கீழே இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒன்றின் மூக்கு முன்னதன் கேப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர்முனை என்றால் அதிர்ச்சியில் கேப்பைக் குத்தி உள்ளேயே வெடித்துவிடலாம். அதனால்தான் தட்டை மூக்கு, இல்லையென்றால் ரப்பர்போல் வளையும் முனை. படத்தை மாற்றிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்