டிவிடி இருக்கு, கேம் இல்ல

டேய் மாப்ள,

நல்லா இருக்கியா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா, பாப்பா ஸ்கூல் போக ஆரம்பிச்சுட்டாளா? இங்க அம்மாவுக்கு முட்டி வலி, அப்பாவுக்கு டிவி, எனக்கு தொப்பை. குசலம் முடிஞ்சுது. வாய்ஸ் நோட் அனுப்பினா 2எக்ஸ்ல ஓட விட்டுட்டு "ம்"னு ஒரு ரிப்ளை போடுவ, அதான் மெயில். உக்காந்து படி.

முதல் சம்பளத்துல ஸ்பென்சர்ல ஒரு கார் ரேஸ் கேம் ஒரிஜினல் வாங்கினேனே ஞாபகம் இருக்கா, பர்மா பஜார்ல அம்பது ரூபாய்க்கு கிடைக்கிறத ஆயிரம் குடுத்து வாங்கிட்டு வந்திருக்கான் பாரு ஜமீன்தார்னு நீயும் பாலாவும் ஒரு மாசம் ஓட்டினீங்களே, அதேதான். பரண்ல இருந்து எடுத்தேன், டிஸ்க்ல ஒரு கீறல் கிடையாது, பின்னாடி மேனுவல்ல கீ ஒட்டியிருக்கு, எல்லாம் பக்கா. இன்ஸ்டால் ஆச்சு, கீ அடிச்சேன், சர்வரோட கனெக்ட் பண்றேன்னு ஒரு கோடு ஓடுச்சு, ஓடுச்சு, கடைசில எரர். நெட்ல தேடினா அந்த சர்வர எப்பவோ இழுத்து மூடிட்டாங்களாம். கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டா ஒரு பாட் வந்து ஆர்டர் நம்பர் கேக்குது. ஆர்டர் நம்பருக்கு நான் எங்கடா போவேன், ஸ்பென்சர்ல பில் போட்ட அண்ணனையா தேட முடியும்?

அதே டப்பாக்குள்ள உன் பஜார் சிடியும் கிடந்துச்சு, மார்க்கர்ல நீயே கோழிக்கிறுக்கல்ல கீ எழுதி வச்சது. பூட்ட உடைக்கிற ஃபைல் இருக்கிற கிராக் ஃபோல்டர்ல இருந்து காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணேன், ஜம்முனு ஓடுது. சிரிக்காத.

இதுக்கப்புறம் ஒரு வாரமா இதத்தான் படிச்சிட்டிருக்கேன், ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுக்காரன் சீட்டே மாத்திக்கிட்டான். 2008ல ஸ்போர்னு ஒரு கேம் வந்துச்சுல்ல, காசு குடுத்து வாங்கினாலும் மூணு மெஷின்ல ஆக்டிவேட் பண்ணா அவ்ளோதான்னு அத வித்த ஈஏ கம்பெனி பூட்டு போட்டான், ஜனங்க அமேசான்ல போய் ஒத்த ஸ்டாரா குத்தித் தள்ளி, அப்புறம் அஞ்சாக்கினான். அந்த வருஷம் டோரன்ட்ல திருட்டுத்தனமா அதிகமா இறங்கின கேம்னு டோரன்ட்ஃப்ரீக் சைட் போட்ட லிஸ்ட்ல முதல் இடம் யாருக்குன்னு நினைக்கிற? அதே ஸ்போருக்குத்தான். பூட்டு யாருக்கு இடைஞ்சல்னு பாத்துக்க. அதுக்கு முந்தின காலத்து சேஃப்டிஸ்க்னு ஒரு காப்பி பூட்டு, அது இன்னும் கூத்து. டிஸ்க்ல வேணும்னே கெட்ட செக்டார் வச்சு, அது இருந்தாத்தான் ஒரிஜினல்னு விண்டோஸ்ல ஒரு டிரைவர் சாஃப்ட்வேர் செக் பண்ணும். 2015ல விண்டோஸ் 10 வந்தப்ப அந்த டிரைவரே செக்யூரிட்டி ஓட்டைன்னு மைக்ரோசாஃப்ட் தூக்கிட்டாங்க. சாவிய தூக்கிப் போட்டாச்சு, பூட்டு டிஸ்க்லயே இருக்கு, உள்ள நம்ம காசு.

தி க்ரூன்னு கார் ஓட்டுற கேம் கதை உனக்குத் தெரிஞ்சிருக்கும், யூபிசாஃப்ட் கம்பெனி 2014 டிசம்பர்ல விட்டது, அமெரிக்கா மொத்தத்தையும் சுருக்கி ஒரு மேப், தனியா ஓட்டினாலும் நெட் கண்டிப்பா வேணும். 2024 மார்ச் 31 சர்வர் ஆஃப். அதோட விட்டானா, அடுத்த மாசம் வாங்கினவங்க லைப்ரரில இருந்து லைசென்ஸையே உருவிட்டான். சர்வர் வச்சு ஓட்ட செலவாகும்னு எனக்கும் புரியுது, கேம் பண்றவனுக்கு காசு போகணும், அதுல பேச்சே இல்ல. ஆனா தனியா கார் ஓட்டிட்டுப் போறவன்கிட்ட ஏன்டா புடுங்குற? இதுக்காகத்தான் வித்த கேம சாகடிக்காதன்னு அந்த ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் கையெழுத்து, 2025 ஜூலைல 10 லட்சம் தாண்டுச்சு, ஐரோப்பிய யூனியன் குடிமக்கள் மட்டும்தான் போட முடிஞ்சுது. நீ ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கி ட்ரீட் குடுக்காம ஏமாத்தினவன், அந்த கையெழுத்தாவது போட்டியா இல்லையா?

சரி, பரண்ல ஏன் ஏறினேன்னு சொல்லல. பிரியா கூப்பிட்டிருந்தா.

சரவணன் பையன் இப்ப எட்டாவது. அவங்கப்பா பிசிலதான், அவங்கப்பா அக்கவுன்ட்லதான் விளையாடுறான். சரவணன் எவ்ளோ வாங்கி வச்சிருந்தான்னு தெரியுமாடா, சேல் வந்தா போதும், ஸ்க்ரோல் பண்ணப் பண்ண போயிட்டே இருக்கு. லாகின் பண்ணா ஓடிபி அவன் நம்பருக்குத்தான் வருது. அதனால அந்த சிம்ம பிரியா இன்னும் ரீசார்ஜ் பண்ணிட்டிருக்கா, விட்டா நம்பர் வேற யாருக்காவது போயிடும்ல. ஒரு பழைய பட்டன் போன்ல போட்டு ஃப்ரிட்ஜ் மேல சார்ஜ்ல வச்சிருக்கா. பையன் உள்ள இருந்து "அம்மா நம்பர்"னு கத்துறான், இவ சமையல நிறுத்திட்டு வந்து ஆறு நம்பரப் படிக்கிறா. எனக்கு அங்க உக்கார முடியல.

வாரிசு சர்டிபிகேட்ட வச்சு வண்டி ஆர்சி, கேஸ், ஈபி எல்லாத்தையும் பேர் மாத்திட்டா. இதயும் மாத்தித் தாங்கண்ணான்னு கேட்டா. மாத்த முடியாதுடா. ஸ்டீம்னு ஆன்லைன் கேம் கடை இருக்குல்ல, அவங்க அக்ரிமென்ட்லயே அக்கவுன்ட்ட இன்னொருத்தருக்கு மாத்தக் கூடாதுன்னுதான் இருக்கு, 2024ல யாரோ கேட்டதுக்கு உயில் எழுதி வச்சாலும் செல்லாதுன்னு பதில் வந்துச்சு. சரவணனோடது எந்தக் கடையா இருந்தா என்ன, முக்கால்வாசிப் பேர் அதத்தான் எழுதி வச்சிருக்காங்க. கலிஃபோர்னியால சட்டம் போட்டப்புறம் ஸ்டீம்ல காசு கட்டப் போற பக்கத்துலயே நீ வாங்குறது வெறும் லைசென்ஸ்னு ஒரு வரி போடுறாங்க. நாணயமாத்தான் சொல்றாங்க, என்ன பண்ண?

ஆள் இல்லைன்னு கடைக்காரன்கிட்ட சொல்லவே சொல்லாதன்னு பிரியாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். சொன்னா மூடிட்டான்னா?

அதனால ஒரு பிளான். ஜிஓஜின்னு இன்னொரு ஆன்லைன் கேம் கடை, அதுல வாங்கினா நெட் இல்லாம ஓடுற ஆஃப்லைன் இன்ஸ்டாலர் தர்றான், பூட்டு கிடையாது, ஹார்ட்டிஸ்க்ல இறக்கி வச்சுக்கிட்டா கடையே மூடினாலும் ஓடும். ஹீரோஸ் 3, விட்சர் 3 எல்லாம் இருக்கு. பையனுக்கு ஒரு 2 டிபி டிஸ்க்ல போட்டுக் குடுக்கலாம்னு இருக்கேன், காசு பாலாவும் நானும் பாத்துக்கிறோம், நீ யூரோல சீன் போடாத. அவங்கப்பா எதெல்லாம் உயிரா விளையாடினான்னு எனக்கு பாதிதான் தெரியும், ராத்திரி முழுக்க ஹெட்செட் மாட்டிக்கிட்டு அவன்கூட கத்திக்கிட்டு இருந்தது நீதான். லிஸ்ட் போட்டு அனுப்பு, முடிஞ்சா இந்த வாரமே. அந்த டிராக்டர் கேம மட்டும் சேக்காத, அது அவன் உனக்காகப் பொறுத்துக்கிட்டது.

கணேஷ்