கடன் நெருக்கடியில் வீடு விற்பவர்களைப் பாதுகாக்கத் தரகர்களுக்கு விதி வகுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வீட்டுக் கிரயம், வங்கிக் கடன் தொடர்பான பணிகளில் உள்ள வழக்கறிஞர்கள், ஆவண எழுத்தர்கள், தரகர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

நகல்: பதிவுத்துறைத் தலைவர் அவர்கள், சென்னை.

பொருள்: கடன் தவணை தவறி வீட்டை விற்கும் நிலைக்கு வந்தவர்களிடம் தரகர்கள் நடந்துகொள்ளும் முறை – மறுவிற்பனை வீடுகளுக்கும் தரகர் பதிவைக் கட்டாயமாக்குதல், பதிவு அலுவலக நடைமுறையில் மாற்றம் – கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்ததோடு தரகர்கள் எல்லோரும் அச்சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டதாகப் பொதுமக்கள் நம்புகிறார்கள். அது உண்மையல்ல. அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஆணையத்தில் பதிவான திட்டங்களில் மனையோ அடுக்ககமோ விற்றுத் தரும் தரகரை மட்டுமே பதிவு செய்யச் சொல்கிறது. முறைகேடான வணிகம் கூடாது, ஆவணங்களை மறைக்கக் கூடாது என்று 10ஆம் பிரிவு விதிக்கும் கடமைகளும் அவருக்கு மட்டும்தான். இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கும் வீட்டை ஒருவர் விற்கும்போது நடுவில் நிற்கும் தரகருக்குப் பதிவு எண் கிடையாது, கணக்குப் புத்தகம் கிடையாது, புகார் செய்யத் தனி இடமும் கிடையாது. புதுக் கட்டடம் வாங்குபவருக்கு இருக்கும் பாதுகாப்பு, கடனில் மூழ்கிப் பழைய வீட்டை விற்பவருக்கு இல்லை. இந்த மனு அந்த இடைவெளியைப் பற்றியது.

நெருக்கடி எப்படித் தொடங்குகிறது என்பது தங்களுக்குத் தெரியும். 90 நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. வங்கி நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவுப்படி, பாக்கியைக் கட்டச் சொல்லும் அறிவிப்பு வருகிறது. அதில் 60 நாள் அவகாசம். பிறகு 13(4)இன்படி சுவாதீனம் எடுக்கும் அறிவிப்பு. இந்த இரண்டாவது அறிவிப்பை இரண்டு நாளிதழ்களில் வெளியிட வேண்டும் என்பது விதி. கடன்தாரர் பெயர், பாக்கித் தொகை, சொத்து விவரம் எல்லாம் அதில் அச்சாகிவிடும். சில தரகர்களுக்கு அந்தப் பக்கம்தான் வாடிக்கையாளர் பட்டியல். அன்று காலையிலேயே போன் வரத் தொடங்கும். "ஏலத்துக்குப் போனா ஒத்தப் பைசா கைக்கு வராது, இன்னைக்கே முடிச்சுக்குங்க" என்பதுதான் முதல் வாக்கியம்.

அது பொய். ஏலத்தில் பாக்கியும் செலவும் போக மிஞ்சும் தொகை உரிமையாளருக்கே திரும்பித் தரப்பட வேண்டும் என்று 13(7) சொல்கிறது. ஏல அறிவிப்பு வெளியாகும் வரை முழுப் பாக்கியையும் கட்டிச் சொத்தை மீட்டுக்கொள்ளலாம். வங்கி நடவடிக்கையில் தவறு இருந்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நேர்மையான தரகர் இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் விலை பேசுவார்; விற்காமலே தவணையைச் சீரமைக்க வழியிருந்தால் அதையும் சொல்வார். அத்தகையவர்களும் இம்மனுவில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

சொல்லாமல் விடும் இன்னொரு செய்தி இதைவிட ஆபத்தானது. 13(2) அறிவிப்பு கைக்கு வந்த பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் வீட்டை விற்கக் கூடாது என்று 13(13) தடுக்கிறது. அறிவிப்பை மறைத்துக் கிரயம் செய்ய வைக்கும் தரகர் கமிஷனோடு போய்விடுவார். விற்றவரும் வாங்கியவரும்தான் வழக்கில் நிற்பார்கள்.

பெரிய இழப்பு நடப்பது கிரய ஒப்பந்தத்தில். தரகர் தன் பெயரிலோ தனக்கு வேண்டியவர் பெயரிலோ சிறு முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் பதிகிறார். காலம் 11 மாதம். "தாங்களோ தாங்கள் சொல்லும் நபர் அல்லது நபர்கள் பெயரிலோ கிரயம் செய்து தருவேன்" என்றொரு வரி உள்ளே இருக்கும். விற்பவர் கண்ணில் அது படாது. தொழில் முழுதும் அந்த வரியில்தான் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, 62 லட்சம் பெறும் வீட்டில் வங்கிப் பாக்கி 32 லட்சம் என்று கொள்வோம். ஏல பயத்தில் 50 லட்சத்துக்கு ஒப்பந்தம், முன்பணம் 1 லட்சம். தரகர் உண்மையான விலைக்கு வேறு ஆளைக் கொண்டுவந்து நேரே அவர் பெயருக்குக் கிரயம் எழுத வைக்கிறார். பாக்கி போக விற்பவருக்கு 18 லட்சம், தரகருக்கு 12 லட்சம். இரு பக்கக் கமிஷன் இதற்கு மேல். தொழிலில் இதற்கு 'நெட் ரேட்', 'மேல் வைப்பது' என்று பெயர். 1 லட்சம் போட்டு 12 லட்சம் எடுப்பவரைத் தரகர் என்று சொல்ல முடியாது, மறைந்திருந்து வாங்கும் வியாபாரி என்றே சொல்ல வேண்டும்.

ஆள் கிடைக்காவிட்டாலும் சேதம் விற்பவருக்கே. பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் நிற்கும்வரை வேறு யாரும் வாங்கத் துணிய மாட்டார்கள். இருவரும் கையெழுத்திட்டு ரத்து ஆவணம் பதிந்தால்தான் அடுத்து வாங்குபவரின் வழக்கறிஞர் ஒப்புக்கொள்வார். அந்தக் கையெழுத்துக்குத் தனி விலை கேட்கிறார்கள். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி வழக்குப் போட 3 ஆண்டு காலவரம்பு இருப்பதால், வழக்குப் போடாமலேயே மிரட்டலாம். வங்கியின் கெடுவோ மாதக் கணக்கில் ஓடுகிறது.

அடுத்தது நம்பிக்கைக் கிரயம். வங்கிப் பாக்கியைக் கட்டப் பணம் தருகிறோம், பெயருக்குக் கிரயம் எழுதுங்கள், திருப்பிக் கட்டியதும் எழுதித் தருகிறோம் என்று பைனான்சியரைத் தரகர் கூட்டி வருவார். திருப்பி எழுதித் தரும் வாக்குறுதி வாய்ச்சொல்லாக இருக்கும், மிஞ்சினால் தனி முத்திரைத்தாளில் இருக்கும். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58(c) பிரிவின்படி, மீட்கும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்தில் இல்லாவிட்டால் அது அடமானமாகக் கருதப்படாது. அதாவது வீடு போனது போனதுதான். தரகருக்கு இது நன்றாகவே தெரியும்.

தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதித் தரும் பொது அதிகார ஆவணம் ('பவர்') பற்றி நீட்ட வேண்டியதில்லை. பவர் மூலம் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. இருந்தும், வங்கிக்கு அலையும் வேலையைப் பார்த்துக்கொள்கிறோம் என்று பவர் வாங்கி, விற்கும் உரிமையையும் அதில் சேர்த்துவிடுகிறார்கள்.

ரொக்கம் தனிச் சிக்கல். வீட்டு விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வாங்கியவர் மீது, அதாவது விற்பவர் மீது விழும். வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மிச்சம் கையில் என்று தரகர் பேசும்போது இதைச் சொல்வதே இல்லை.

முறையாகச் செய்தால் இந்த விற்பனையில் சிக்கல் எதுவுமில்லை. வங்கியிடம் நிலுவைக் கடிதமும் விற்பதற்கான ஒப்புதலும் வாங்க வேண்டும். வாங்குபவர் பாக்கித் தொகையை நேரே கடன் கணக்கில் கட்ட வேண்டும். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை வங்கி பதிந்து அடமானத்தை நீக்கியதும் கிரயம். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் ஆணையிட்டுள்ளது. இந்த வரிசையில் பணம் தரகர் கையைத் தொட வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை, கமிஷனைத் தவிர.

எனவே தாங்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்து தர வேண்டுகிறோம்.

முதன்மையானது, மறுவிற்பனைத் தரகர்களுக்கான மாநிலச் சட்டம். ஹரியானா 2008இலேயே சொத்துத் தரகர்களை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் இயற்றியது. ரெரா விதிகளைத் திருத்துவதால் மட்டும் இது நடக்காது. மூலச் சட்டத்தின் வரையறையே திட்டங்களோடு நின்றுவிடுகிறது. புதிய சட்டத்தில் மூன்று அம்சங்கள் கட்டாயம் வேண்டும். தரகருக்கும் விற்பவருக்கும் இடையே தமிழில் ஒரு பக்க எழுத்து ஒப்பந்தம்: கமிஷன் எவ்வளவு, யார் யாரிடம் வாங்குகிறார், 90 நாளுக்கு மிகாத முடிவுத் தேதி. வந்த ஒவ்வொரு விலைக் கேட்பையும் விற்பவருக்கு எழுத்தில் தெரிவித்தல். தரகரோ அவரது உறவினரோ கூட்டாளியோ அந்தச் சொத்தின் மீது ஒப்பந்தம், பவர், கிரயம் எதுவும் தங்கள் பெயரில் பெறத் தடை. இந்த மூன்றாவதை நீர்த்துப்போக விட்டால் மற்ற இரண்டும் வெறும் காகிதம்.

சட்டம் வரும்வரை, சுற்றறிக்கை மூலமே சிலவற்றைச் செய்யலாம். கிரய ஒப்பந்தம், பவர், கிரயம் ஆகியவற்றில் தரகரின் பெயரும் கமிஷன் தொகையும் குறிப்பிட ஒரு பத்தி சேர்க்கலாம். தரகர் இல்லையென்றால் இல்லை என்று இருவரும் உறுதி தரலாம். வில்லங்கச் சான்றில் அடமானம் நிலுவையில் இருந்தால், 13(2) அறிவிப்பு வந்துள்ளதா, வங்கி ஒப்புதல் உண்டா என்று சார்பதிவாளர் விற்பவரிடம் நேரடியாகக் கேட்டுப் பதிந்துகொள்ளலாம். ஒப்பந்தத்தில் 'தாங்கள் சொல்லும் நபர்' என்ற வாசகம் இருந்தால் அதன் பொருளை விற்பவருக்குப் படித்துக் காட்டியதாகத் தனிக் கையொப்பம் பெறலாம். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

வங்கிகள் மாநில அரசின் கட்டுப்பாட்டில் இல்லை என்பதை அறிவோம். மாநில அளவிலான வங்கியாளர் குழுவின் வாயிலாக, 13(2) அறிவிப்போடு தமிழில் ஒரு துண்டறிக்கை இணைக்கக் கேட்டுக்கொள்ளலாம்: மீட்கும் உரிமை, மிச்சத் தொகை, தானே விற்கும் வழி, இலவசச் சட்ட உதவிக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. தரகரின் முதல் போன் வருவதற்கு முன்பே அந்தத் தாள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

எழுத்து ஒப்பந்தத்தின் மாதிரியும், பத்திரத்தில் சேர்க்க வேண்டிய தரகர் பத்தியின் வாசகமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. துறை அழைத்தால் நேரில் வந்து விளக்கத் தயாராக உள்ளோம். இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்