தியாகராஜர் காதைப் பொத்துவாரோ?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பேப்பரில ஒரு வாசகர் எழுதியிருந்தார், இப்ப வாற சினிமாப் பாட்டையும் ராப்பையும் கேட்டா கர்நாடக இசை மேதைகள் தியாகராஜரும் தீட்சிதரும் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பாங்க எண்டு. அவர்ட கவலை விளங்குது, திருவிழாவில இரவிரவா பொக்ஸ் கட்டி அடிக்கிற சத்தத்தில எனக்கும் நெஞ்சு படபடக்கிறதுதான், ஆனா அந்தப் பெரியாக்கள்ட பேரைச் சொல்லி புள்ளைகள வெருட்டப்படாது ஐயா, ஏனெண்டா அவங்க அப்பிடிப்பட்ட ஆக்களே இல்ல.

முத்துசாமி தீட்சிதர எடுங்க. சென்னை ஜோர்ஜ் கோட்டையில வெள்ளைக்காரன்ட பாண்ட் வாசிக்கிறதக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கே சமஸ்கிருதத்தில சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், எழுதிப்போட்டார், நோட்டுஸ்வரம் எண்டு இண்டைக்கும் பாடுறமே அதுதான், கிட்டத்தட்ட நாப்பது இருக்கு. அதில "சந்ததம் பாஹிமாம்" பிரிட்டிஷ் ராசாட தேசிய கீத மெட்டு. கமலாம்பா நவாவரணம் எண்ட கனமான அம்பாள் கீர்த்தனைகள் செய்த அதே மனிசன் பட்டாளத்துக்காரன்ட மெட்டில அம்பாளைக் கூப்பிட்டிருக்கார்! அவர்ட தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலினப் பழகி நம்மட இசைக்குள்ள கொண்டு வந்தார், இண்டைக்கு வயலின் இல்லாத கச்சேரியத் தேடித்தான் பிடிக்கோணும்.

மேற்கிலயும் இதுதான். மொசார்ட் 1787ல பிராக் நகரத்துக்குப் போன நேரம் தன்ட பிகாரோ எண்ட இசை நாடகப் பாட்டுகள ஆட்ட மெட்டா மாத்தி ஆக்கள் துள்ளித் துள்ளி ஆடுறதப் பாத்து சரியான சந்தோசம் எண்டு கூட்டாளிக்கு கடிதம் எழுதியிருக்கார். நாம ரீமிக்ஸ் எண்டு ஏசுற வேலைதான் அது.

தியாகராஜருக்கு வருவம். அவர்ட "மரி மரி நின்னே" காம்போதி ராகக் கீர்த்தனை, அத இளையராஜா 1985ல சாரமதி ராகத்துக்கு மாத்தி சினிமாவில போட்டார், ராகத்த மாத்தலாமோ எண்டு இப்பவும் சண்டை பிடிக்கிற ஆக்கள் இருக்கு. ஆனா சாரமதி ஆர்ட ராகம்? "மோக்ஷமு கலதா" எண்டு தியாகராஜரே பாடி வச்ச ராகம். சபையா சேர்ந்து பாடட்டும் எண்டு லேசான மெட்டில திவ்யநாமக் கீர்த்தனைகள் செய்தவரும் அவர்தான், சனங்கள் பாடுற பாட்டக் கண்டா அவருக்கு ஏன் கோவம் வரப்போகுது. நம்மட மட்டக்களப்பயே பாருங்களன், வடமோடி தென்மோடிக் கூத்துக்கு மத்தளம் அடிக்கிற ஊரிலதான் பறங்கியாக்கள் வயலினோட கப்ரிஞ்ஞா எண்ட தங்கட ஆட்டம் ஆடினவங்க, ஒண்டால ஒண்டு கெட்டுப்போகல்ல.

அந்தப் பெரியாக்களுக்கு நோகிற இடம் வேற எண்டு நான் நினைக்கிறன். என்ட தங்கச்சிட மகள் ஒரு ஸ்டூடியோவில பக்திப் பாட்டொண்டு பாடினவ, தோடி ராகம். நல்லாத்தான் பாடினவ புள்ள. ரெக்கோர்டிங் செய்த தம்பி கம்ப்யூட்டரில பிட்ச் சரி பண்ணிப்போட்டுத் தந்தார், போட்டுக் கேட்டா காந்தாரம், அதாவது 'க' ஸ்வரம், ஆடாம அசையாம கட்டையா நிக்குது. தோடியில காந்தாரம் ஆடாம நிண்டா அது தோடியே இல்ல ஐயா! 1997ல வந்த ஆட்டோ-டியூன் எண்ட சுருதி திருத்துற சொப்ட்வெயாருக்குப் பிறகு எல்லாக் குரலையும் இப்பிடி இழுத்து கீபோர்ட் கட்டையில ஒட்ட வைக்கலாம், ஸ்வரத்த ஆட்டி அசைச்சுப் பாடுற கமகம் இருக்கிறது ரெண்டு கட்டைக்கு நடுவில, அத பிழை எண்டு நினைச்சு மெசின் திருத்திப்போடுது. புள்ள கேட்டுப்போட்டு ஒரு கதையும் இல்ல, தன்ட குரலே இல்ல எண்டு மட்டும் சொன்னவ. தீட்சிதர் கேட்டிருந்தா அந்தத் தம்பிய ஏசியிருக்கமாட்டார், பக்கத்தில இருத்தி தோடிய ஒருக்காப் பாடிக் காட்டியிருப்பார் எண்டுதான் எனக்குப் படுது.

எங்கட காரைதீவு விபுலானந்த சுவாமி இருந்திருந்தா இத விட்டிருக்கவே மாட்டார். சயன்ஸ் படிச்ச மனிசன், பழைய யாழ் நரம்புகள்ட சுருதிய கணக்குப் போட்டுப் போட்டே யாழ் நூல் எண்ட இசை ஆராய்ச்சிப் புத்தகம் எழுதினவர், 1947ல அது அரங்கேறி அடுத்த மாசமே கண்ண மூடிட்டார். கீழ் ஸவில இருந்து மேல் ஸ வரைக்கும் உள்ள ஒரு ஸ்தாயிய பன்னிரண்டாப் பிரிக்கிற கீபோர்டுக்குள்ள நம்மட இருவத்திரண்டு சுருதியும் எங்க போகுது எண்டு கேட்டு, அந்த சொப்ட்வெயார் செய்தவனுக்கே கடிதம் போட்டிருப்பார். கல்லடியில அவர்ட பேரில இருக்கிற அழகியற் கற்கைகள் நிறுவகத்தில படிக்கிற புள்ளைகள் அந்தக் கணக்க எடுத்து, கமகத்த அழிக்காம பிட்ச் திருத்துற வழிய ஆராயலாம், அப்பிடி ஒரு வேலை நடந்தா உங்கட பேப்பரில எழுதுங்க.

இன்னொரு விண்ணப்பம். நோட்டுஸ்வரம் எல்லாம் சங்கராபரண ராகம், கமகமும் தேவையில்ல, கீபோர்டில வெள்ளைக் கட்டையிலயே வாசிச்சிடலாம். சிறுவர் பக்கத்தில கிழமைக்கு ஒண்டு ஸ்வரத்தோட போடுங்க ஐயா, சினிமாப் பாட்டு மட்டும் தட்டிக்கொண்டிருக்கிற பொடியன்கள் தீட்சிதரையும் வாசிச்சுப் பாக்கட்டும்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு வாசகர் ஒருவர்