எழுபத்தைந்து வேண்டாம், ஐம்பத்தைந்து போதும்

பெரம்பூர், சென்னை
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணா,

பொங்கலுக்கு எங்களுக்கு 75 இஞ்ச் டிவி அனுப்புகிறேன் என்று போனில் சொன்னாய். அம்மா அன்றைக்கே கீழ்வீட்டு மாமி வரைக்கும் சொல்லியாகிவிட்டது. நான்தான் உடனே பதில் சொல்லவில்லை. தையல் பெட்டியிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு ஹாலில் இறங்கிவிட்டேன்.

சுவருக்குச் சுவர் பத்தடி. அதை வைத்துத்தான் நீ கணக்குப் போட்டிருப்பாய். ஆனால் சோபாவில் சாய்ந்தால் என் தலை சுவரிலிருந்து ஒரு அடி முன்னால் வந்துவிடுகிறது. டிவியும் ஸ்டாண்டோடு கொஞ்சம் வெளியே நிற்கும். ஆக, கண்ணிலிருந்து திரைக்கு எட்டரை அடி, அதாவது 102 இஞ்ச். டிவியின் அளவை மூலைக்கு மூலை சொல்கிறார்கள் இல்லையா, அதைப்போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே, 1.6 மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால் கண்ணுக்குச் சுகம் என்பது பொதுவான கணக்கு. 102-ஐ 1.6-ஆல் வகுத்தால் 64 வருகிறது. எனக்கு மட்டும் என்றால் 65 இஞ்ச் சரி. 75-க்கு முழுசாகப் பத்தடி வேண்டும்.

ஆனால் டிவி பார்ப்பது நானா? நியூஸ் முடிந்ததும் ரிமோட் கை மாறிவிடும். உன் அம்மா சோபாவில் உட்கார்ந்து நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா? அடுக்களை வாசலில் அந்த பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் முறத்தில் பீன்ஸ், ஒரு கண் சீரியலில், ஒரு கண் பால் பொங்குகிறதா என்று. அங்கிருந்து திரைக்குச் சரியாக ஆறடி. 72 இஞ்ச். அதே கணக்கில் அவளுக்கு 45 இஞ்ச்தான். தியேட்டரில் உட்கார்ந்த மாதிரி வேண்டும் என்பவர்கள் 1.2 மடங்கு வரைக்கும் நெருங்கலாம். அப்படிப் பார்த்தாலும் 60 தாண்டக் கூடாது.

சந்தேகத்துக்கு ஒரு வேலை செய்தேன். பழைய பேப்பர்களை ஒட்டி 75 இஞ்ச் டிவியின் அளவுக்கு, 65 இஞ்ச் அகலம், 37 இஞ்ச் உயரம், சுவரில் மாட்டினேன். அம்மா நாற்காலியிலிருந்து இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டென்னிஸ் மேட்ச் பார்க்கிற மாதிரி கழுத்து திரும்புதுங்க" என்றாள். பிறகு வெட்டி 48-க்கு 27 ஆக்கினேன். அது 55 இஞ்ச். "இது வீட்டு டிவி" என்றாள். முடிந்தது பஞ்சாயத்து.

இன்னொன்றும் இருக்கிறது. படம் துல்லியமாக வருகிற ஹெச்டி பேக் நாம் போடவில்லை. செட்டாப் பாக்ஸில் வருகிற சாதாரணப் படத்தில் மேலிருந்து கீழாக 576 வரிசைப் புள்ளிகள்தான். இந்தப் பெரிய டிவிகளின் 4கே திரையில் 2160 வரிசை. இருப்பதை இழுத்துத்தான் அது நிரப்ப வேண்டும். திரை பெரிதாக ஆக, ஆறடியில் உட்காருகிறவளுக்குக் கதாநாயகியின் முகம் ஊறிய அப்பளம் மாதிரித் தெரியும். நீ அங்கே யூடியூபில் 4கே பார்க்கிறாய், உன் கதை வேறு.

தி. நகர் ஷோரூமிலும் போய் நின்று பார்த்தேன். அந்தப் பெரிய ஹாலில் 75 கூட அடக்கமாகத்தான் தெரிகிறது! அங்கே கண்ணை நம்பி வாங்கினால் வீட்டில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம், மாட்டுகிற உயரம். இப்போதிருக்கும் 32 இஞ்சைக் கடையிலிருந்து வந்த பையன் காலண்டர் உயரத்தில் அடித்துவிட்டுப் போனான். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாலு வருஷமாகப் பிடரி வலிக்கு யூகலிப்டஸ் தைலம் தேய்க்கிறேன். உட்கார்ந்தால் என் கண் தரையிலிருந்து 40 இஞ்ச். திரையின் நடு அங்கேதான் வர வேண்டும். பென்சிலால் குறித்தும் வைத்துவிட்டேன்.

மிச்சப் பணத்தில் அம்மாவுக்கு முதுகு சாயும் நாற்காலி ஒன்று வாங்கு. அதே ஆறடியில்தான் போடுவாள்.

பேப்பர் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. டிவி வருகிற வரைக்கும் எடுக்கக் கூடாதாம்.

அன்புடன்,
அப்பா