கொழுப்பு மாத்திரையால் சுகர் வருமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கொலஸ்ட்ராலுக்குச் சாப்பிடும் ஸ்டேடின் மாத்திரையால் சர்க்கரை நோய் வரலாம் என்று சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் கட்டம் கட்டி நான்கு வரி போட்டிருந்தீர்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நான்கு வரியைப் படித்துவிட்டு என் பக்கத்துத் தோட்டத்துக்காரர், அவரும் என்னைப் போல அடைத்த இதயக் குழாயைத் திறக்க ஸ்டென்ட் வைத்தவர், மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நானும் அதே தப்பைச் செய்தவன்தான். கோத்தகிரி பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து, மலை இறங்கிக் கோவைக்குப் போய் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தேன். அடோர்வாஸ்டாட்டின் 40 என்ற ஸ்டேடின் மாத்திரை, ராத்திரி ஒன்று. சுகரையும் அவ்வப்போது பார்த்துக்கொள் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் மூன்று மாதச் சராசரி, அதுதான் ஹெச்பிஏ1சி, 6.6 காட்டியது. 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய்க் கணக்கு. கொழுப்பு மாத்திரை போட்டால் அப்படித்தான் என்று மெடிக்கலில் நின்ற யாரோ சொன்னார். வந்த கோபத்தில் மாத்திரையை விட்டேன். ஆறே வாரத்தில், 68-ல் இருந்த கெட்ட கொழுப்பு 141-க்கு ஏறிவிட்டது.

டாக்டர் திட்டவில்லை. ஸ்டென்ட் வைப்பதற்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். தேடினேன். பிஸ்கட் டப்பாவில், பச்சை இலை எடைச் சீட்டுகளுக்கு நடுவே கிடந்தது. அதில் சராசரி 6.2! மாத்திரை நாக்கில் படுவதற்கு முன்பே நான் சுகரின் வாசற்படியில் நின்றிருக்கிறேன். இலை எடை போடும் இடத்தில் நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, தொட்டுக்கொள்ள வர்க்கி பிஸ்கட். மாத்திரையைத் திட்டியதும் அந்த வர்க்கியை முக்கிக்கொண்டேதான்.

டாக்டர் அன்று விளக்கியதை வைத்து, என் மகள் பிறகு தேடிப் படித்துக் காட்டினாள். 2010-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் 13 ஆய்வுகளை, மொத்தம் 91,140 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டேடின் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 9 சதவீதம் கூடுதல். சரி, ஆள் கணக்கில் அது எவ்வளவு? 255 பேர் நான்கு வருஷம் சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்கு. அதே 255 பேரில் கெட்ட கொழுப்பு சுமார் 39 புள்ளி இறங்கினால், மாரடைப்பும் இதய நோய்ச் சாவும் சேர்த்து ஐந்துக்கு மேல் குறைகிறது. உங்கள் கட்டத்தில் அந்த ஒன்று இருந்தது, ஐந்து இல்லை.

2024-ல் இன்னொரு பெரிய கணக்கு வந்தது. குறைந்த, நடுத்தர அளவு மாத்திரைக்கு 10 சதவீதம் கூடுதல். என்னைப் போல அதிக அளவு சாப்பிடுகிறவர்களுக்கு 36. கேட்டால் பகீர் என்கிறது. ஆனால் வருஷத்துக்கு 100 பேரில் 3.5 பேருக்கு வந்தது 4.8 ஆகிறது, அவ்வளவுதான். அதிலும் புதிதாக நோய் வந்தவர்களில் ஐந்தில் மூன்று பேர், ஆரம்பத்திலேயே சர்க்கரை அளவில் மேல் கால்பங்கில் இருந்தவர்கள். அதாவது என் ஜாதி.

எச்சரிக்கை ஒன்றும் புதிதல்ல. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2012-லேயே இதை மாத்திரையின் குறிப்பில் சேர்க்கச் சொல்லிவிட்டது. எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாத்திரை தொடங்குமுன் ஒரு சுகர் டெஸ்ட், சில மாதம் கழித்து இன்னொன்று, டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்று இரண்டு வரி சேர்த்திருந்தால் போதும். நான் இப்போது பழைய மாத்திரையோடு சுகருக்கும் ஒன்று சேர்த்துச் சாப்பிடுகிறேன். டீயில் சர்க்கரை கிடையாது. சராசரி 6.3. வர்க்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் மகள் பார்க்காதபோது.

அடுத்த இதழில் அதே இடத்தில், அதே அளவில் கட்டம் கட்டிப் போடுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் இதையெல்லாம் நான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அச்சில் வந்தால்தான் நம்புவாராம்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி.