ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கு

ஆயர் ஈத்தாம், பினாங்கு
17 நவம்பர் 2024

அன்புள்ள கமலா,

உன் குரல் செய்தியை நேற்று மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை அழுகைதான் காதில் விழுந்தது, மூன்றாவது தடவைதான் கேள்வி விழுந்தது. போனில் பதில் சொன்னால் நான் பாதியை விட்டுவிடுவேன், நீ மீதியை மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் மகனிடம் சொல்லிப் பெரிய எழுத்தில் அச்சடித்துக்கொள்.

இங்கே மழை விட்டபாடில்லை. தீபாவளிக்குச் சுட்ட முறுக்கில் கடைசி டின் இன்னும் இருக்கிறது, ஆனால் நமுத்துவிட்டது. முட்டி வலியால் தண்ணீர்மலைக் கோயில் படி ஏறி ஒரு வருஷம் ஆகிறது. பேரனுக்குத் தமிழ்ப்பள்ளியில் முதல் வகுப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. நிபோங் தெபால் தோட்டத்துப் பள்ளியில் நம் இரண்டு பேருக்கும் ஒரே சிலேட்டு இருந்ததை அவனிடம் சொன்னேன். "சிலேட்டுன்னா டேப்லட்டா, பாட்டி?" என்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வலது மார்பகத்தை முழுதாக எடுக்க வேண்டும், விருப்பம் இருந்தால் அதே நேரத்தில் மார்பகத்துக்குப் பதிலாக உள்ளே வைக்கும் பையான இம்ப்ளாண்ட்டும் வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சிலிகான் வைத்தால் புற்றுநோய் திரும்பி வரும் என்று உன் மருமகள் வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டியிருக்கிறாள். "நீ வைத்துக்கொண்டு 11 வருஷமாக நன்றாகத்தானே இருக்கிறாய்" என்று நீ என்னைக் கேட்கிறாய். நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் என் ஒருத்தியை வைத்து முடிவு செய்யாதே. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் 24 வருஷம் கியூசியில், அதாவது தரம் பார்க்கும் பிரிவில், இருந்தவள் நான். தட்டில் ஒரு சிப் நன்றாக இருக்கிறது என்பதற்காக லாட் முழுவதையும் பாஸ் செய்து ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை.

அந்த வாட்ஸ்அப் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் தொல்லை. இம்ப்ளாண்ட்டோடு தொடர்புள்ள ஒரு புற்றுநோய் இருக்கிறது. ஆனால் அது மார்பகப் புற்றுநோய் இல்லை, உனக்கு இப்போது வந்திருப்பது திரும்பி வருவதும் இல்லை. வெள்ளை அணுக்களில் வரும் லிம்போமா வகை அது. உடம்புக்குள் எதை வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றித் தழும்பால் ஒரு உறை கட்டிவிடும். அந்த உறையிலும், உறைக்குள் தேங்கும் நீரிலும்தான் அது உண்டாகிறது. பெயரைச் சுருக்கி ஏஎல்சிஎல் என்பார்கள். உள்ளே இருப்பது சிலிகான் ஜெல்லா உப்புநீரா என்பதைவிட, வெளித்தோல் வழவழப்பா சொரசொரப்பா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உப்புநீர் வைத்தவர்களுக்கும் வந்திருக்கிறது. மேற்பரப்பு எது என்று விவரம் தெரிந்த நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோருமே ஏதாவது ஒரு காலத்தில் சொரசொரப்பான வகையை வைத்திருந்தவர்கள். இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். வருஷக்கணக்கில் உரசி உரசி உண்டாகும் அழற்சியும், அந்தச் சொரசொரப்பில் ஒட்டிக்கொள்ளும் கிருமியும், அவரவர் மரபணுவும் சேர்ந்து இதைக் கிளப்பலாம் என்கிறார்கள்.

1997-இல்தான் இப்படி ஒரு நோயாளியைப் பற்றி முதன்முதலில் எழுதினார்கள். 2011-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ வெளிப்படையாக எச்சரித்தது. 2016-இல் உலகச் சுகாதார நிறுவனம் அதைத் தனி நோயாக ஏற்றது. 2019 ஜூலையில் எஃப்டிஏ ஒரு கணக்கை வெளியிட்டது: உலகம் முழுவதும் 573 பேர், அதில் 481 பேருக்கு இருந்தது அலெர்கன் கம்பெனியின் இம்ப்ளாண்ட், இறந்தவர்கள் 33 பேர். அந்தக் கம்பெனி 'பயோசெல்' என்ற தன் சொரசொரப்பு வகையை உலகம் முழுவதிலும் இருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. இம்ப்ளாண்ட்டுக்கு முன்னால் தோலை விரிக்க வைக்கும் பைகளும் அதில் அடங்கும். உனக்கு இரண்டு கட்டமாகச் செய்வதாக இருந்தால் அந்தப் பையைப் பற்றியும் கேள், மறந்துவிடாதே.

2019-இல் அந்தச் செய்தி வந்த அன்று என்ன செய்தேன் தெரியுமா? அலமாரியைக் குடைந்தேன். எனக்கு வைத்தது எந்தக் கம்பெனி, எந்த வகை என்று ஒரு துண்டுச் சீட்டுகூட என்னிடம் இல்லை. 2013-இல் டிஸ்சார்ஜ் ஆனபோது மாத்திரைப் பையையும் பில்லையும் கொடுத்தார்கள். கார்டு எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஃபேக்டரியில் கட்டைவிரல் நகத்தளவு சிப்புக்கு லாட் நம்பர் உண்டு, தேதி உண்டு, எந்த ஷிப்டில் யார் செக் செய்தார்கள் என்பதுகூட உண்டு. ஒரு கஸ்டமர் திருப்பி அனுப்பினால் அரை மணி நேரத்தில் தட்டைக் கண்டுபிடித்துவிடுவேன். என் நெஞ்சுக்குள் இருப்பதற்கு நம்பர் தெரியாமல் ஆறு வருஷம் இருந்திருக்கிறேன் பார்!

நான் ஆபரேஷன் செய்துகொண்ட இடத்தின் பெயர் இப்போது வேண்டாம். நாலு தடவை நடந்தேன். முதல் தடவை பழைய ஃபைல் எல்லாம் கிடங்குக்குப் போய்விட்டது என்றார்கள். இரண்டாம் தடவை, எழுதிக் கொடுங்கள் என்றார்கள். மூன்றாம் தடவை அந்தப் பெண் லீவு. நாலாம் தடவை என் மகள் உடன் வந்து கவுண்டரில் கொஞ்சம் குரலை உயர்த்தினாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வேலை நடந்தது. ஆபரேஷன் குறிப்பில் ஒரு மூலையில் மஞ்சளடித்த சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கம்பெனிப் பெயர், மாடல், அளவு, லாட் நம்பர், சீரியல் நம்பர், எல்லாமே அதில் இருந்தன. என்னுடையது திரும்பப் பெற்ற பட்டியலில் இல்லை. ஆனால் சொரசொரப்பு வகைதான்.

அதை எடுத்துவிட வேண்டுமா என்றுதான் அப்புறம் கேட்டேன். தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள், திரும்பப் பெற்ற வகையாகவே இருந்தாலும், எடுக்கத் தேவையில்லை என்பதுதான் எஃப்டிஏ சொன்னது. எடுப்பதும் ஒரு ஆபரேஷன்தானே, அதற்கும் ஆபத்து உண்டு. என் டாக்டரும் அதையே சொன்னார். சரி என்று விட்டுவிட்டேன்.

2021-இல் இம்ப்ளாண்ட் வைத்த இடது பக்கம் திடீரென்று வீங்கியது. வலி இல்லை. கண்ணாடியில் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. ஏஎல்சிஎல்லுக்கும் முக்கியமான அறிகுறி இதுதான்: ஆபரேஷன் நடந்து வருஷங்கள் கழித்து, பெரும்பாலும் எட்டுப் பத்து வருஷத்தில், ஒரு பக்கம் நீர் கோத்து வீங்கும். சிலருக்குக் கட்டியாகவோ வலியாகவோ வரும். எனக்கு எட்டாவது வருஷம். ராத்திரி முழுக்க விரல் விட்டு எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். ஸ்கேனில் நீர் தெரிந்தது. ஊசி போட்டு உறிஞ்சி லேபுக்கு அனுப்பினார்கள். நீரைச் சும்மா வெளியேற்றிவிட்டுப் போகச் சொன்னால் ஒத்துக்கொள்ளக் கூடாது. 'சிடி30' என்ற சோதனையைச் செய்ய வேண்டும். அந்த லிம்போமா அணுக்கள் அதில்தான் மாட்டும். இதை நான் படித்து வைத்திருந்தேன், டாக்டரே எழுதியும் விட்டார்.

முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை, மன்னித்துக்கொள். சோறு வடிக்கும்போது கஞ்சியைக் கொட்டிவிட்டு அப்படியே நின்றுகொண்டிருப்பேன். அவர் மட்டும் ஒன்றும் கேட்காமல் தினமும் பசியாற ரொட்டி சானாய் தாப்பாவ் வாங்கி வந்து வைத்தார். நெகட்டிவ். வெறும் நீர்தான். இப்படித் தாமதமாகக் கோக்கும் நீரில் பெரும்பாலானது இந்த நோயால் வருவதில்லை என்று பிறகு சொன்னார்கள். முன்னாலேயே சொல்லியிருந்தால் பத்து நாளில் நாலு நாளாவது தூங்கியிருப்பேன்.

ஆபத்து எவ்வளவு என்று கேட்டாய். இங்கேதான் என் கியூசி மூளை வேலை செய்தது. ஒரு இடத்தில் 30,000 பேருக்கு ஒருவர் என்று போட்டிருக்கும். ஆஸ்திரேலியாவில் வகையைப் பொறுத்து 1,000 பேருக்கு ஒருவர் முதல் 10,000 பேருக்கு ஒருவர் வரை என்றார்கள். நியூயார்க்கில் ஒரே சர்ஜன் 3,546 பேருக்குச் செய்ததை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து 2020-இல் எழுதியதில் 355 பேருக்கு ஒருவர் என்று வந்தது. ஒரே நோய்க்கு இத்தனை கணக்கு. ஆனால் யாரும் பொய் சொல்லவில்லை. எதை எதால் வகுத்தார்கள் என்பதுதான் கேள்வி. வழவழப்பு வைத்தவர்களையும் சேர்த்து வகுத்தால் எண் சின்னதாகிவிடும். இரண்டு வருஷம் மட்டும் பார்த்துவிட்டு ஃபைலை மூடினால் எட்டாவது வருஷம் வருவது கணக்கிலேயே வராது. நியூயார்க் கணக்கில் எல்லோருக்கும் சொரசொரப்பு, நீண்ட காலம் கண்காணித்தார்கள். ஆகவே டாக்டர் "ரொம்ப அரிது" என்று சொன்னால், எந்த மேற்பரப்புக்கு, எத்தனை வருஷத்துக்கு என்று கேள். வழவழப்பானது என்றால் அந்த 'அரிது' உண்மையிலேயே அரிதுதான்.

அப்படியே வந்தாலும், உறைக்குள் இருக்கும்போதே பிடித்துவிட்டால் இம்ப்ளாண்ட்டையும் உறையையும் முழுசாக எடுப்பதே பெரும்பாலோருக்குப் போதும். பரவிவிட்டால்தான் கீமோ. அதனால்தான் வீக்கத்தை அலட்சியப்படுத்தாதே என்கிறேன். 2022-இல் அந்த உறையில் வேறு சில புற்றுநோய்களும் மிகச் சிலரிடம் வந்திருப்பதாக எஃப்டிஏ சொன்னது, வழவழப்பு வைத்தவர்களும் அதில் உண்டு. பயமுறுத்தச் சொல்லவில்லை. நீ எப்படியும் கூகுளில் பார்ப்பாய், என்னிடமிருந்து முதலில் கேட்டுக்கொள்.

உண்மையில் உனக்கு வரக்கூடியது இதைவிடச் சாதாரணமான தொல்லைகள்தான். உறை இறுகிக் கல் மாதிரி ஆகிவிடும். எனக்குக் கொஞ்சம் இருக்கிறது, குளிர்சாதன அறையில் பிடித்து இழுக்கும். கதிர்வீச்சு கொடுத்தால் அது இன்னும் அதிகமாகும், ஆகவே ரேடியேஷன் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள். உள்ளேயே கிழிந்து வெளியே தெரியாமலும் இருக்கும். சிலிகான் வகைக்கு ஐந்தாறு வருஷத்தில் ஒரு ஸ்கேன், அப்புறம் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை என்பார்கள். ஆயுசுக்கும் வரும் பொருள் இல்லை அது. அந்தச் செலவையும் இப்போதே ரிங்கிட் கணக்கில் போட்டுப் பார்.

கிள்ளானில் என் சித்தி மகள் ஒருத்தி, அழகுக்காக வெளிநாட்டில் போய் வைத்துக்கொண்டவள், உனக்குத் தெரியும். இரண்டு வருஷமாகச் சோர்வு, மூட்டு வலி, மறதி, முடி கொட்டல். எல்லா ரத்தப் பரிசோதனையும் நார்மல். எடுத்துவிட்டாள், இப்போது பரவாயில்லை என்கிறாள். இம்ப்ளாண்ட் நோய் என்று இதைத்தான் சொல்கிறார்கள். கண்டுபிடிக்க ஒரு சோதனையும் கிடையாது. எடுத்தபின் தேறியதாகப் பலர் சொல்கிறார்கள். 2021-இல் எஃப்டிஏ கட்டம் கட்டிப் போடச் சொன்ன எச்சரிக்கையில் இதுவும் இருக்கிறது. நம் வயதில் மாதவிடாய் நின்றதற்கும் இதே புகார்கள்தான். ஆனாலும் "எல்லாம் உங்கள் மனசில்தான்" என்று அவளை ஒரு டாக்டர் அனுப்பிவிட்டார் பார், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வைக்காமலே இருக்கலாம் என்பதையும் யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். வயிற்றுக் கொழுப்பை எடுத்து உன் சதையாலேயே கட்டுவது ஒன்று. பெரிய ஆபரேஷன், வயிற்றில் நீளத் தழும்பு, ஆனால் இந்த ஸ்டிக்கர் கதையே இல்லை. பிராவுக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகம் இன்னொன்று. தட்டையாக விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான். நான் ஏன் வைத்துக்கொண்டேன் என்று கேட்டால், மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை சரியாக நிற்க வேண்டும் என்பதுதான் அன்றைக்கு என் காரணம். சிரிக்காதே. இன்றைக்கு யாராவது கேட்டாலும் வைப்பேன், ஆனால் வழவழப்பானதை, ஸ்டிக்கரைக் கையில் வாங்கிக்கொண்டு.

வியாழக்கிழமை உனக்கு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் என்றாய். புதன்கிழமை காலை பட்டர்வொர்த்தில் ஈடிஎஸ் ரயில் ஏறுகிறேன், மத்தியானம் கேஎல் சென்ட்ரலில் இருப்பேன். நீ வர வேண்டாம், செந்தூலுக்கு நானே வந்துவிடுவேன். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வை. நீ அழுதாலும் பரவாயில்லை, நான் எழுதிக்கொள்கிறேன். அந்தப் பொருள் நம் நாட்டின் மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிவானதா என்றும் கேட்டுவிடலாம். நமுத்துப்போன முறுக்கைக் கொண்டுவரட்டுமா, வேண்டாமா என்று மட்டும் இன்று ராத்திரிக்குள் சொல்லிவிடு.

உன்
சரசு